கை காட்டுகிறவன்

அந்த ஆளுக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று சொன்னால் அது பொய். மூக்கு வரை ஏறிப் போக அதற்கு எங்கே பொறுமை? நாக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும். டீ ஆறியிருந்தால் கடைக்காரரோடு சண்டை, சூடாக இருந்தால் அதற்கும் சண்டை. பஸ்ஸில் காலை மிதித்தவர் மன்னிப்புக் கேட்டால் "மிதிச்சிட்டு என்னய்யா மன்னிப்பு" என்பான், கேட்காவிட்டால் சட்டைக் காலரைப் பிடிப்பான். வேலை பார்க்கிற இடங்களில் அவனுக்கு மிளகாய் என்று பெயர். முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட்டவர்கள் குறைவு. கூப்பிட்டவர்கள் இன்னொரு தடவை கூப்பிட்டதில்லை.

இந்த மகராசனை நம்பித்தான் டன் கணக்கில் எடையுள்ள கான்கிரீட்டை ஆகாயத்தில் தூக்கினார்கள் என்றால் யார் நம்புவார்? ஆனால் தூக்கினார்கள். கிரேன் ஆபரேட்டருக்குக் கை காட்டுவது அவன் தொழில். கிரேன் ஓட்டுகிறவர் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். தொங்குகிற பொருள் எங்கே போய் இறங்குகிறது என்று பாதி நேரம் அவருக்குத் தெரியாது. கீழே நிற்கிற ஒருத்தன் கைதான் அவருக்குக் கண். அந்த ஒருத்தன் ஏற்று என்றால் ஏற்றுவார், இறக்கு என்றால் இறக்குவார். மற்றவர்கள் கரடியாய்க் கத்தினாலும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார். 'நிறுத்து' என்ற சைகையை மட்டும் யார் காட்டினாலும் கேட்பார்.

வேலை நேரத்தில் மிளகாய் வேறு ஆள். வாயே திறக்க மாட்டான். கொசு கடித்தால் அது வயிறு முட்டக் குடித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவான். ஏனென்றால் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தடவை பிடரியில் குளவி உட்கார, பட்டென்று கையை வீசிவிட்டான். ஆபரேட்டர் அதைப் 'பக்கவாட்டில் திருப்பு' என்று எடுத்துக்கொண்டார். தொங்கிக்கொண்டிருந்த இரும்பு உத்தரம் சுழன்று போய்ச் சாரத்தை முட்டியது. சாரத்தில் நின்றவன் கம்பியைக் கட்டிப் பிடித்துத் தொங்கித் தப்பித்தான். அன்றைக்கு ஆபரேட்டர் இறங்கி வந்து, "உன் கை உன்னோடது இல்லடா. கொக்கியில பாரம் தொங்குற வரைக்கும் அது என்னோடது" என்று தொண்டைத் தண்ணீர் வற்றத் திட்டினார். அவன் வாழ்க்கையில் பதில் பேசாமல் வாங்கிக்கொண்ட திட்டு அது ஒன்றுதான்.

கொக்கியிலிருந்து பாரம் இறங்கியதும் பழைய மிளகாய் திரும்பி வந்துவிடும். நாள் முழுக்க அடக்கி வைத்ததை வட்டியோடு வீட்டுக்கு எடுத்துப் போவான். அங்கே திட்டுவதற்கு அவனுக்கு ஒரு நிரந்தர ஆள் உண்டு. அந்த ஆள் வீட்டில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அவனுடைய அண்ணன்காரன்!

"அப்பன் கட்டின வீட்டை முழுங்கிட்டு ஏப்பம் விட்டவன்" என்று ஆரம்பிக்கும். இருபத்திரண்டு வயசில் அவன் ஒருநாள் ராத்திரி முழுக்க வெளியே சுற்றிவிட்டுக் காலையில் திரும்பினால், அவனுடைய தகரப் பெட்டி தெருவில் கிடந்தது. மேலே சட்டைகள், அதற்கும் மேலே அவனுடைய செருப்பு. அண்ணன்காரன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். "இனிமே உனக்கு இங்க இடமில்ல, போ" என்றான். ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. முந்தின நாள் சைக்கிளை யார் எடுத்துப் போவது என்று இரண்டு பேருக்கும் வாய்த்தகராறு நடந்தது உண்மை. அதற்காக ஒருத்தன் தம்பியைத் தெருவில் தள்ளுவானா? அம்மா உள்ளேதான் இருந்தாள். எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அண்ணன்காரன் மிரட்டி வைத்திருப்பான் என்று மிளகாய் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டான்.

பிறகு அம்மா அவனுடைய வாடகை அறைக்கு எப்போதாவது வருவாள். அவள் நெற்றியில், புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு புதிதாக இருந்தது. கேட்டால், "படியில வழுக்கி விழுந்துட்டேன்" என்றாள். அதையும் அண்ணன்காரன் கணக்கில் எழுதினான். பெற்றவளை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லாதவன், படியில் விழவிட்டவன். அம்மா போய்ச் சேர்ந்தபோது தெருமுனை வரை வந்து நின்றான். அண்ணன்காரன் முகத்தில் முழிக்காமல் சுடுகாட்டுக்கு நேராகப் போய்க் காத்திருந்தான். அதற்கப்புறம் அந்தத் தெரு இருக்கிற பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

"நீங்க அவரைத் திட்டாம சாப்பிட்டா சோறு தொண்டையில எறங்காதா?" என்று மனைவி கேட்பாள்.

"உனக்கென்னடி தெரியும்? தெருவுல நின்னது நானு" என்பான். பேச்சு சூடு பிடித்தால் தட்டு பறக்கும், தண்ணீர்ச் சொம்பு பறக்கும். ஒரு விரலைக்கூட அவள் மேலோ மகள் மேலோ வைத்ததில்லை என்பதில் அவனுக்குப் பெருமை. அதை ஊரெல்லாம் சொல்லிக்கொள்வான். பெரிய சாதனை!

விதி பாருங்கள், அந்தத் தெருவுக்கே அவனுக்கு வேலை வந்தது. வீடுகளுக்குப் பின்னால் உயரமான மண்மேடு. போன மழைக்கு அது கொஞ்சம் சரிந்து, இரண்டு வீட்டுக் கழிவறையை மூடிவிட்டது. இந்த மழைக்குள் தடுப்புச்சுவர் கட்டியாக வேண்டும். செங்கல் அடுக்கிக் கட்ட நேரமில்லாததால் தொழிற்சாலையில் வார்த்த சுவர்த் துண்டுகளை லாரியில் கொண்டுவந்து வரிசையாக நிறுத்துகிற ஏற்பாடு. ஒவ்வொன்றும் முதுகு உள்ள நாற்காலி மாதிரி இருக்கும். முதுகு வீட்டுப் பக்கம், உட்காரும் பலகை மண்ணுக்கு அடியில். பலகை மேல் மண்ணைக் கொட்டி இறுக்கினால் அந்த மண்ணின் எடையே சுவரைச் சாயவிடாமல் பிடித்துக்கொள்ளும். வேலையாட்கள் அதைப் பீஸ் என்றுதான் சொல்வார்கள். ஒரு பீஸ் நாலு டன்.

வேலையைப் பார்க்கும் எஞ்சினியரம்மாவிடம் மிளகாய் முதல் நாளே சொல்லிவிட்டான். "மேடம், தெருவோட கடைக்கோடி வீடு எங்க அண்ணன் வீடு. அந்த ஆளோட எனக்குப் பேச்சு கிடையாது. பேசச் சொல்லாதீங்க."

"நீங்க கிரேனோட பேசினா போதும்ணே" என்றாள் அவள்.

பத்து நாள் தூரத்து வீடுகளின் பின்னால் வேலை நடந்தது. அண்ணன்காரன் சும்மா இருக்கவில்லை. தூசி வருகிறது என்று முனிசிபாலிட்டிக்குப் புகார் போட்டான். லாரி ஓட்டுநரை வாசலில் நிறுத்தி, "எவன் வீட்டு ரோட்டுலய்யா வண்டிய ஏத்துற?" என்று எகிறினான். மிளகாய் அந்தப் பக்கம் போனால் காறித் துப்பினான். மிளகாயும் லேசுப்பட்டவனா? தினமும் மத்தியானம் சாப்பிட்ட கையை அந்த வீட்டு மதில் ஓரமாகத்தான் கழுவினான். இரண்டு பெரிய மனுஷர்கள், தலை நரைத்தவர்கள், செய்கிற வேலையா இது!

கடைசி நாலு பீஸ் பாக்கி இருந்தபோதுதான் சிக்கல் கழுத்துக்கு வந்தது. அவை கோடி வீட்டுக்கு நேர் பின்னால் நிற்க வேண்டியவை. அந்த வீட்டை ஒட்டிய சந்து குறுகல். கிரேனைத் தெருமுனையில்தான் நிறுத்த முடியும். அங்கிருந்து பீஸ் அண்ணன்காரனின் அடுப்படிக் கூரைக்கு மேலே போய்த்தான் பள்ளத்தில் இறங்க வேண்டும். வேறு வழியே இல்லை என்று எஞ்சினியரம்மா இரண்டு நாள் அளந்து பார்த்தாள். பீஸ் மேலே போகிற நேரத்தில் வீட்டில் ஒரு ஈ காக்கைகூட இருக்கக் கூடாது. மண்ணை வேறு நேராக வெட்டி வைத்திருந்தார்கள். மழை விழுந்தால் அது சும்மா நிற்காது. சுவர் இல்லாத அந்த இடைவெளி வழியாக மொத்தமும் அடுப்படியில் வந்து விழும்.

அன்று காலையிலேயே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மற்ற வீட்டுக்காரர்கள் எல்லோரும் பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். அண்ணன்காரன் மட்டும் கதவைத் திறந்து வைத்து உள்ளே கட்டிலில் கால்மேல் கால் போட்டுப் படுத்திருந்தான். எஞ்சினியரம்மா போய்க் கெஞ்சினாள்.

"வேற ஆள் வந்து கை காட்டட்டும், நான் எந்திரிச்சுப் போறேன். அவன் கைய ஆட்டுவான், அதுக்கு நான் என் வீட்டை விட்டு எறங்கணுமா? சாகறேன் போ" என்றான் அவன்.

வேறு ஆள் மறுநாள்தான் கிடைப்பான். முனிசிபாலிட்டியும் மறுநாள்தான் ஆள் அனுப்பும். கான்ட்ராக்டர் போனில், "ஒரே ஒரு கெழவன்தானே, உள்ளயே கிடக்கட்டும், தூக்குங்க" என்று கத்தினார்.

"வீட்டுல ஆள் இருந்தா பீஸ் தரையை விட்டு ஏறாது சார்" என்று எஞ்சினியரம்மா போனை வைத்துவிட்டாள்.

அவள் மிளகாயைப் பார்த்தாள். மிளகாய் வானத்தைப் பார்த்தான், வெட்டி வைத்த மண்ணைப் பார்த்தான். அந்த ஆளுக்காகக் கவலைப்படுகிறோமே என்று அவனுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. அந்த ஆள் மண்ணுக்குள் போனால் நமக்கென்ன என்று சொல்லிப் பார்த்துக்கொண்டான். வாய் சொன்னது, கால் கேட்கவில்லை.

"ஆபரேட்டர் அண்ணே, செயினை மாட்டி ரெடியா வைங்க. தூக்காதீங்க" என்று சொல்லிவிட்டு நேராகக் கோடி வீட்டு வாசலுக்குப் போனான். முப்பது வருஷத்துக்கு மேல் மிதிக்காத வாசல். இப்போதும் மிதிக்கவில்லை. தெருவில் நின்றுகொண்டான். கெஞ்சினால் அந்த ஆள் வர மாட்டான் என்று அவனுக்குத் தெரியும். அந்த இடத்தில் தான் இருந்தாலும் வந்திருக்க மாட்டான்.

"யோவ்! அப்பன் வீட்டை முழுங்கினவனே! வெளிய வாய்யா!"

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

"தம்பி பெட்டியைத் தூக்கித் தெருவுல போட்டு வீட்டை அமுக்கின திருடன்தானய்யா நீ? அதான் ஒரு கல்லு மேல போனா பயப்படற. பாவத்துல வந்த வீடு, போயிடுமோன்னு பயம்! மண்டபத்துக்குப் போ, ஊர் சனமே இருக்கு. நான் திருடலன்னு அவங்க முன்னால சொல்லு பாப்போம்!"

வந்தான் பாருங்கள் அண்ணன்காரன், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு! அறுபதை நெருங்கிய உடம்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "எவன்டா திருடன்? இன்னொரு தடவ சொல்லுடா!" என்று கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தான். மிளகாய் பின்னுக்கு நடந்துகொண்டே திட்டினான், அவன் முன்னுக்கு வந்துகொண்டே திட்டினான். அப்படியே ஆள் நுழையாமலிருக்கக் கயிறு கட்டிய எல்லையைத் தாண்டித் தெருமுனை வரை வந்துவிட்டார்கள்.

அண்ணி கெட்டிக்காரி. அவர்களுக்குப் பின்னாலேயே அடுப்பை அணைத்து, கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டாள். எஞ்சினியரம்மாவிடம், "உள்ள யாருமில்லம்மா. சீக்கிரம் ஆகட்டும், இவரை ரொம்ப நேரம் பிடிச்சு வைக்க முடியாது" என்றாள். எஞ்சினியரம்மா வீட்டைச் சுற்றி ஒரு நடை பார்த்துவிட்டு, கேட்டில் ஓர் ஆளைக் காவல் நிறுத்தினாள். பிறகு கட்டைவிரலைக் காட்டினாள்.

மிளகாய் வாயை மூடினான். மண்மேட்டு ஓரத்தில், ஆபரேட்டருக்கும் பள்ளத்துக்கும் ஒரே நேரத்தில் தெரிகிற இடத்தில் போய் நின்றான். மூன்று செயினும் இழுபட்டு விறைத்தன. ஒன்று நீளம் தப்பினாலும் பீஸ் ஒருபக்கம் சாய்ந்து தொங்கும், இறங்கும்போது எகிறி அடிக்கும். ஒரு சாண் தூக்கி நிறுத்தச் சொல்லி, நேராகத் தொங்குகிறதா என்று பார்த்தான். நேராக இருந்தது. விரலை மேலே சுழற்றினான். பீஸ் ஏறியது. இரண்டு பக்கமும் கயிறு பிடித்த இரண்டு பேர் எட்டவே நின்று நடந்தார்கள். சுவருக்கும் மண்ணுக்கும் நடுவில் யாரும் நிற்கக் கூடாது, தொங்குகிறதைக் கையால் தள்ளக் கூடாது. இந்த இரண்டையும் அவன் காலையில் அவர்களைத் திட்டித் திட்டியே மனப்பாடம் செய்ய வைத்திருந்தான்.

பீஸ் அடுப்படிக் கூரைக்கு மேலே வந்தபோது காற்று அடித்தது. அகலமான முதுகு, கதவு மாதிரித் திரும்பப் பார்த்தது. கயிற்றுக்காரர்கள் காலை ஊன்றி இழுத்துப் பிடித்தார்கள். இனி நிறுத்தி வைப்பது ஆபத்து, மெதுவாகக் கொண்டுபோய் இறக்குவதுதான் நல்லது.

அந்த நேரம் பார்த்து அண்ணன்காரன் அண்ணியின் கையை உதறிவிட்டுக் எல்லைக் கயிற்றுக்குக் கீழே குனிந்து மேட்டுக்கு ஓடிவந்தான்.

"என்னையாடா திருடன்னு சொன்ன?"

முதுகில் விழுந்தது முதல் அடி. மிளகாயின் வலது கை நீட்டியபடியே இருந்தது. இரண்டாவது அடி பிடரியில். பொறி கலங்கியது. குனிந்து தடுக்க, திரும்பி ஒன்று வைக்க, உடம்பு முழுக்கத் துடித்தது. வாழ்நாளில் வாங்கிய அடியைத் திருப்பிக் கொடுக்காமல் இருந்தவன் இல்லை அவன். ஆனால் கையை எடுத்தால் அது ஆபரேட்டருக்கு ஒரு சைகை. கீழே கயிறு பிடித்த இரண்டு பேரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு விரலை மட்டும் அசைத்தான். இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம். இன்னும் கொஞ்சம்.

எஞ்சினியரம்மாவும் அண்ணியும் ஓடிவந்து ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். அடி நின்றது. வாய் நிற்கவில்லை.

"திரும்புடா! என்னடா, வாயில கொழுக்கட்டையா? எப்பவும் நான் ஒரு வார்த்தை பேசினா நீ ஒம்பது பேசுவியே! ஊரெல்லாம் என்னைத் திருடன், திருடன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சியே! பெட்டியைத் தூக்கிப் போட்டது நான்தான். போடச் சொன்னது யாரு தெரியுமாடா?"

"என்னங்க, வேணாம்" என்றாள் அண்ணி.

"விடுடி! எத்தனை வருஷம் நான் கெட்ட பேரு சுமக்கறது? அம்மாடா! அம்மாதான் உன்னை அனுப்பச் சொன்னா!"

உள்ளங்கை கீழே பார்த்தது. விரல்கள் மெதுவாக, மெதுவாக என்றன. பீஸ் பள்ளத்துக்குள் இறங்கத் தொடங்கியது.

"சைக்கிள் சண்டை போட்டுட்டு அன்னிக்கு நீ கதவை எட்டி உதைச்சுட்டுப் போனியே, அந்தக் கதவுக்குப் பின்னால நின்னா அவ. நெத்தி பொளந்து ரத்தம் கொட்டுச்சு. நான்தான் தூக்கிக்கிட்டு ஓடினேன். படியில விழுந்தேன்னு உங்கிட்ட சொன்னாளா? சொல்லுவா. 'அவன் வீட்டுல இருந்தா எனக்கு ராத்திரி தூக்கம் வரல, பயமா இருக்கு. ஆனா நான் சொன்னேன்னு சொல்லிடாத, அவன் தாங்க மாட்டான்'னு என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதா. சாகும்போதும் அதைத்தான் சொன்னா. 'சொல்லிடாத'ன்னா. நானும் சொல்லல. நீ என்னைத் திட்டினா திட்டிட்டுப் போன்னு இருந்தேன். திருடன்னியேடா இன்னிக்கு, தெருவே கேக்க!"

அண்ணி அவன் வாயைப் பொத்தினாள். அதற்குள் எல்லாம் சொல்லியாயிற்று. இரண்டு பேரும் பிறந்த நாளிலிருந்து பார்த்தால், அண்ணன் பேசி முடிக்கும்வரை தம்பி குறுக்கே பேசாமல் கேட்டது அதுதான் முதல் தடவை.

நாலு டன் இன்னும் கொக்கியில்தான் இருந்தது. தரைக்கு ஒரு சாண் உயரத்தில் நிறுத்தினான். பக்கத்துப் பீஸோடு இடைவெளி விட மெல்லிய மரத்துண்டு வைக்கச் சொல்லித் தலையை அசைத்தான். கயிற்றுக்காரன் நீளக் கம்பியால் தட்டி நேராக்கினான். இறக்கு என்றான். உட்கார்ந்தது. மட்டம் பார்க்கிறவரைக்கும், முதுகுக்கு இரண்டு இரும்பு முட்டுக் கொடுத்துப் போல்ட் இறுக்குகிறவரைக்கும் செயினைத் தளர்த்தவிடவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் செயினைக் கழற்றச் சொன்னான். கொக்கி வெறுமையாக மேலே போனது.

இப்போது கைகள் அவனுடையவை. இனி ரத்தக்களறிதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆபரேட்டர் கூண்டை விட்டே இறங்கி ஓடிவந்தார்.

மிளகாய் திரும்பினான். முகத்தில் ஈயாடவில்லை.

"எந்தக் கதவு?" என்று கேட்டான்.

அண்ணன்காரன் அதை எதிர்பார்க்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே, "அடுப்படிக் கதவு" என்றான்.

மேட்டிலிருந்து பார்த்தால் அந்தக் கதவு தெரியும். பச்சைப் பெயின்ட் அடித்த பழைய மரக்கதவு. அதை உதைத்தது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. உதைத்தபோது அந்தப் பக்கம் ஏதோ தடுக்கி, கதவு முழுசாகத் திறக்காமல் திரும்பி வந்ததும் நினைவிருந்தது. மூட்டை எதையாவது வைத்திருப்பார்கள் என்று நினைத்து, அதற்கும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுத்தான் அவன் தெருவில் இறங்கினான்.

எஞ்சினியரம்மா, "அடுத்த பீஸ் எடுக்கலாமாண்ணே? மழை வந்துடும்" என்றாள். அவன் இரண்டு கைகளையும் அவள் முன்னால் நீட்டிக் காட்டினான். நடுங்கின.

"இதை நம்பித் தூக்காதீங்க மேடம். கொஞ்ச நேரம் போகட்டும்" என்றான். மண்ணில் உட்கார்ந்தான். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். பாதி வாய்க்குப் போனது, பாதி சட்டையில் வழிந்தது. அழுகிறானா என்று யாருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ளக் கிட்டப் போக யாருக்கும் தைரியமும் இல்லை.

நடுக்கம் நின்றதும் எழுந்தான். அண்ணன்காரன் தெருமுனையில் ஒரு கட்டையின் மேல் உட்கார்ந்திருந்தான்.

"இன்னும் மூணு பீஸ் இருக்கு. உள்ள போயிடாத" என்றான் மிளகாய்.

"போகல. முடிச்சுட்டு நீயும் உன் வழியைப் பாத்துக்கிட்டுப் போ. அம்மாவுக்குக் கொடுத்த சத்தியத்தை மீற வச்சுட்டியே பாவி, என் வீட்டு வாசல்ல ஏறிடாத."

"ஏறல."

மூன்று பீஸும் ஏறின, இறங்கின. கடைசிப் பீஸுக்கு முட்டுக் கொடுத்து முடித்தபோது மழை பிடித்துக்கொண்டது. மண் கரைந்து வந்து சுவரில் மோதி நின்றது. அடுப்படிப் பக்கம் ஒரு சொட்டுச் சேறு போகவில்லை. அண்ணி பூட்டைத் திறந்தாள். அண்ணன்காரன் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனான்.

அன்றைக்கு மிளகாய் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டான். குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தது, ஒன்றும் சொல்லவில்லை. அண்ணனைத் திட்டவில்லை. மனைவிக்குப் பயமே வந்துவிட்டது.

"உடம்பு சரியில்லையா? பிடரி வேற வீங்கியிருக்கு."

"ஒண்ணுமில்ல." தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு கேட்டான். "நான் கத்தி ரகளை பண்ணுவேனே, அப்ப நீயும் பொண்ணும் எங்க நிப்பீங்க?"

இத்தனை வருஷமாக வேலைத்தளத்தில் யார் எங்கே நிற்க வேண்டும் என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தவன் அவன். வீட்டில் அதைக் கேட்டதே இல்லை.

அவள் யோசிக்கவே இல்லை. பல வருஷமாகத் தயாராக வைத்திருந்த பதில் மாதிரிச் சொன்னாள்.

"வாசப்படியில. ரெண்டு பேரும் செருப்பை மாட்டிக்கிட்டு நிப்போம்."